கிழக்கே நூற்று முப்பத்தெட்டு

மூடுபனியால்தான் தாமதமாகிவிட்டது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பனி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. சூரியநெல்லிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஆடி மாதம் பனி இறங்காத நாள் எது? ஆனால் என் புருஷன் ஈஸ்வரனை மூன்று மணி நேரம் காட்டில் கிடக்கவிட்டது பனி அல்ல, நான் எழுதிய ஒரு வரி. அந்த வரியை எழுதியபோது எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்வரன் யானை வாச்சர். யானைக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கும் இலை பறிக்கப் போகிறவர்களுக்கும் முன்கூட்டிச் சொல்கிற வேலை. அவரோடு சேர்த்து ஏழு பேர். பாதி இடத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. போன வருஷம் ஒரு வாச்சர் கால் முறிந்து ஒரு பகல் முழுக்க ஓடையில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு ரேடியோப் பெட்டி கொடுப்பது என்று வாச்சர்கள் கமிட்டி முடிவெடுத்தது. நான் இதே லயத்தில் பிறந்தவள். கோயம்புத்தூரில் ஐந்து வருஷம் கரண்ட் மீட்டர்களுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதிவிட்டு, ஈஸ்வரனைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவள். வேறு யாரைக் கேட்பார்கள்?

பெட்டி ஒரு சோப்புக்கட்டி அளவுதான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, தான் இருக்கிற இடத்தைச் சாட்டிலைட் மூலம் கண்டுபிடித்து, பேக்டரிக் கூரைமேல் நான் கட்டிவைத்த ஆன்டெனாவுக்கு அனுப்பும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஆபத்து என்ற சேதியும் சேர்ந்து வரும். முதலில் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகவே அனுப்பிப் பார்த்தேன். சேதிக்கு நாற்பது பைட் ஆனது. அவ்வளவு நீளமான சேதி மலைமடிப்புகளைத் தாண்டுவதற்குள் பாதியில் அறுந்தது. பேட்டரியும் மூன்றே நாளில் படுத்துவிட்டது.

சுருக்க ஆரம்பித்தேன். பெட்டியின் நம்பரையும் பேட்டரியின் அளவையும் ஒரே பைட்டில் பாதிக்குப் பாதி அடக்கினேன். பொத்தானுக்கு ஒரே ஒரு பிட். இடத்துக்கு உலக அளவில் கணக்கு எதற்கு? பேக்டரியின் புகைபோக்கியைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டேன். அங்கிருந்து கிழக்கே எத்தனை, வடக்கே எத்தனை என்று ஐம்பது மீட்டருக்கு ஒரு படியாக எண்ணினால் போதும். கிழக்கே என்றால் கூட்டல், மேற்கே என்றால் கழித்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். ஒரு பைட்டில் கூட்டல் பக்கம் நூற்றிருபத்தேழு படி கொள்ளும், கழித்தல் பக்கம் நூற்றிருபத்தெட்டு. எந்தப் பக்கம் போனாலும் ஆறேகால் கிலோமீட்டருக்குக் குறையாது. சேதி சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கிற ஒரு பைட்டையும் சேர்த்து, நாற்பது பைட் ஐந்து பைட்டாகிவிட்டது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரிக்கவில்லை என்று ஈஸ்வரன் கேலி செய்தார்.

கோயம்புத்தூரில் எனக்குப் பக்கத்து மேஜையில் இருந்த வினோவுக்கு அதை அனுப்பிக் காட்டினேன். அந்த ஊருக்குப் பக்கம் கோபாலபுரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டுப் பையன், குறை சொல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காது அவனுக்கு. போனில் கூப்பிட்டான்.

"ஏனுங்க இந்து, தூரத்துக்கு இன்னொரு பைட்டு குடுத்தா என்னங்க போவுது?"

"ஆறு கிலோமீட்டருக்கு அங்கிட்டு யாரு போகப் போறா?"

"ஆளுன்னா போகத்தானுங்க செய்வான்."

"உனக்கு எஸ்டேட்டு தெரியாது வினோ" என்று வாயை அடைத்துவிட்டேன். எனக்கு எஸ்டேட் தெரியும் என்பதுதான் அங்கே வினையே. எங்களுக்கு எல்லா இடமும் பேக்டரிக்கு மேலே, பேக்டரிக்குக் கீழேதான். காலையில் பேக்டரிச் சங்கு ஊதினால் எழுவோம், சாயங்காலம் ஊதினால் கூடையை இறக்குவோம். சங்குச் சத்தம் கேட்கிற தூரம்தான் எங்கள் ஊர். அதற்கு அப்பால் போகக் கூடாது என்று சொல்லித்தான் எங்களையெல்லாம் வளர்த்தார்கள். உண்மையில் எங்கே கேட்காமல் போகிறது என்று எஸ்டேட்டின் எல்லா டிவிஷன்களின் எல்லைக்கும் நடந்து பார்த்தேன். ஐந்தரைக் கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. ஆறேகால் தாராளம் என்று பட்டது.

பெரிய எண்ணை ஒரு பைட்டுக்குள் திணித்தால், எழுதிய புரோகிராமைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கும். எனக்கும் கொடுத்தது. "தெரிந்துதான் செய்கிறேன், போட்டுக்கொள்" என்று அதற்குச் சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது, எண்ணுக்கு முன்னால் நாலு எழுத்து சேர்த்தால் போதும். சேர்த்தேன். அது வாயை மூடிக்கொண்டது.

அன்றைக்கு ஒரு வியாழக்கிழமை. எங்கள் செவலைப் பசு இரண்டு நாளாகக் காணவில்லை, நிறைசினை வேறு. காலையில் ஈஸ்வரன் கிளம்பும்போது அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"ஊர் யானையெல்லாம் தேடுறீங்க. வீட்டு மாட்டத் தேட ஆளில்ல. மாடு இல்லாம வராதீங்க."

"சரி புள்ள" என்றார். அவர் எப்போதும் சண்டைக்கு நிற்கிற ஆள் இல்லை. அன்று அவருக்கு டேம் பக்கம் டியூட்டி. டேம் எங்களுக்கு மேற்கே.

மதியம் இரண்டு நாற்பதுக்கு ஆபத்துச் சேதி வந்தது. பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியை ஒட்டி எனக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். அங்கே திரையில் ஈஸ்வரனின் புள்ளி சிவப்பாகி மின்னியது. மேற்கே ஐந்து கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டர், டேமுக்கு மேலே உள்ள சரிவு. பதறாமல் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வாச்சர்களுக்கு மூத்தவர் நல்லதம்பி மாமா. அவருக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் ஐந்து பேரோடு ஜீப்பில் மேற்கே கிளம்பிவிட்டார். போன வருஷம் ஒரு பகல், இந்த வருஷம் பத்து நிமிஷம். அந்த நிலைமையிலும் எனக்குள் ஒரு மூலையில் பெருமை எட்டிப் பார்த்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

என் மாமியார் ராமுத்தாய் கேள்விப்பட்டு லயத்திலிருந்து ஓடி வந்தாள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியபடியே திரையைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்த்தா?"

"டேம் பக்கம், அத்தை. ஆளு போயிருச்சு."

"இல்லையேத்தா. டேம் பக்கம் நாளைக்குப் பாத்துக்கிறேன்னுட்டு இன்னைக்கு கெழக்கால போறேன்னான். நம்ம செவல போடிப் பக்கத்து மாடு. ஈனப் போற மாடு வந்த வழியத்தான் பிடிக்கும், மேட்டுப் பக்கம் பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டுல போனான்."

"அத்தை, சாட்டிலைட்டு பாத்துச் சொல்லுது. மேற்கனு காட்டுது. நீங்க சொல்றீங்கன்னு போன ஆளத் திருப்பச் சொல்றீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "சரித்தா. நீ படிச்சவ" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நம்பித்தான் சொன்னாள்.

ஆபத்து என்று வந்துவிட்டால் பெட்டி இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை சேதி அனுப்பும். ஒவ்வொரு சேதியிலும் அதே இடம், அதே சிவப்பு. பேட்டரிக்கு நான் பதினைந்து அளவு வைத்திருந்தேன். ஒன்பது என்று வந்தது, கொஞ்ச நேரத்தில் எட்டு. பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஆளைப் பற்றி அந்த ஐந்து பைட்டில் ஒரு பிட்கூட இல்லை. தேடப் போனவர்களின் ஆறு பச்சைப் புள்ளிகள் சிவப்பை நோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குப் பச்சைப் புள்ளிகள் சிவப்பின் மேல் போய் நின்றன. நல்லதம்பி மாமா போன் செய்தார்.

"இந்து, நாங்க எடத்துக்கு வந்துட்டோம். அவன் புள்ளியும் எங்க புள்ளியும் ஒண்ணாத்தான காட்டுது?"

"ஆமா மாமா. ஒண்ணுமேல ஒண்ணு நிக்குது."

"இங்க யாருமே இல்லையேம்மா. கொரல் குடுத்துப் பாத்தாச்சு. தேயிலையும் ஒரு வாய்க்காலும்தான் கெடக்கு."

"அம்பது மீட்டர் அங்கிட்டு இங்கிட்டு இருக்கும். வாய்க்காலுக்குள்ள பாருங்க மாமா. புதருக்குள்ள பாருங்க."

பார்த்தார்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குள் இன்னும் ஐந்து ஆபத்துச் சேதி வந்திருந்தது, அவர்கள் நின்றுகொண்டிருந்த அதே இடத்திலிருந்து. ஆள் இல்லாத இடத்திலிருந்து என் புருஷன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பழைய சேதிகளைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும். கமிட்டிக்காரர்கள் குழம்பக் கூடாது என்று வரைபடத்தில் ஆளுக்குக் கடைசிப் புள்ளி ஒன்றை மட்டும் காட்ட வைத்தவள் நான்தான். வந்த சேதியெல்லாம் எண்ணாக ஒரு ஓரத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. ஈஸ்வரனின் எண்களைத் தேடினேன். பதினொரு மணிக்குக் கூட்டல் எண்பத்தாறு. பன்னிரண்டுக்குக் கூட்டல் நூற்றுப் பத்து. பன்னிரண்டரைக்குக் கூட்டல் நூற்றிருபத்தொன்று. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் சேதியே இல்லை, ஏதோ பள்ளத்தில் இறங்கியிருக்கிறார். இரண்டு நாற்பதுக்குக் கழித்தல் நூற்றுப் பதினெட்டு.

கூட்டல் என்றால் கிழக்கு. மதியம் வரைக்கும் மனுஷன் கிழக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறார், அவர் அம்மாவிடம் சொன்ன மாதிரியே. பன்னிரண்டரைக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டரில் இருந்தவர், இரண்டு மணி நேரத்தில் இரண்டு மலை தாண்டி மேற்கே ஆறு கிலோமீட்டருக்குப் பறந்தா வந்தார்?

பறக்கவில்லை. பழைய ஜீப்பின் மீட்டர் எல்லா ஒன்பதும் ஓடி முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பும் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். நான் கொடுத்த பைட்டில் கூட்டல் நூற்றிருபத்தேழுக்கு அடுத்தது நூற்றிருபத்தெட்டு இல்லை, கழித்தல் நூற்றிருபத்தெட்டு. கிழக்கின் கடைசிப் படியைத் தாண்டிக் காலை வைத்தவனை மேற்கின் கடைசிப் படியில் கொண்டுபோய் நிறுத்தும். கழித்தல் நூற்றுப் பதினெட்டோடு இருநூற்றைம்பத்தாறைக் கூட்டினேன். கூட்டிப் பார்க்க எனக்குக் கால்குலேட்டர் தேவைப்பட்டது, மூளை அவ்வளவு மரத்துப்போயிருந்தது. நூற்று முப்பத்தெட்டு. கிழக்கே ஆறு கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டர்.

வினோவைக் கூப்பிட்டேன். நான் சொல்வது தப்பு என்று யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எண்களை வாசித்தேன். மறுமுனையில் அவன் விசைப்பலகையைத் தட்டிக் கணக்குப் பார்ப்பது கேட்டது.

"வினோ, ஏதாச்சும் சொல்லு."

"கெளம்புங்க இந்து" என்றான். "கெழக்கதானுங்க. சீக்கிரம் கெளம்புங்க."

நல்லதம்பி மாமாவைக் கிழக்கே திரும்பச் சொன்னேன். அவர்கள் வந்து சேர இரண்டு மணி நேரமாகும். பேக்டரி வாசலில் ஈஸ்வரனின் சித்தப்பா மகன் பாண்டி, டூரிஸ்டுகளை இறக்கிவிட்டு ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். வாளியை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அத்தை எதுவும் கேட்காமல் பின்னால் ஏறிக்கொண்டாள். ஏன் திசை மாறியது என்று அவள் கேட்பாள் கேட்பாள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன். கேட்கவில்லை. மகன் கிடைக்கிறான் என்றால் திசையைப் பற்றி அவளுக்கு என்ன?

மேல் டிவிஷன் வரைக்கும் கல் ரோடு. "மெல்லப் போனாத்தான் போய்ச் சேருவோம் மதினி" என்று பாண்டி இரண்டு முறை சொன்னான். நான் அவனைத் திட்டினேன், அவன் வாங்கிக்கொண்டான். திரையில் வருகிற சேதி என் போனுக்கும் வந்துகொண்டே இருந்தது. பேட்டரி மூன்று. மேல் டிவிஷன் லயத்தில் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தபோது மணி ஐந்து கடந்துவிட்டது. எஸ்டேட்டில் சங்குச் சத்தத்துக்கு அப்பால் உள்ள காட்டில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. புல்லும் பாறையுமான மேடு, முகத்துக்கு முன்னால் கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. போனில் என் இடத்தைப் பார்த்துப் பார்த்து நூற்று முப்பத்தெட்டை நோக்கி ஓடினேன். விழுந்தேன், எழுந்து ஓடினேன். அத்தையும் விடாமல் பின்னால் வந்தாள். மேட்டில் ஒரு இடத்தில் ரேஞ்ச் கிடைத்து ஒரு சேதி வந்தது. பேட்டரி இரண்டு.

பாண்டிதான் முதலில் பார்த்தான். மேட்டிலிருந்து ஓடை இறங்குகிற இடத்தில், ஒரு பாறைக்குக் கீழே ஈஸ்வரன் சாய்ந்து கிடந்தார். வழுக்கி விழுந்ததில், வெட்டிப்போட்ட மரத்தின் கூரான அடிக்கட்டை தொடையைக் குத்திக் கிழித்திருந்தது. துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். துண்டு, வேட்டி, கீழே இருந்த புல் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. வலது கையில் பெட்டியைப் பிடித்திருந்தார், கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. மணி ஐந்து முப்பத்தைந்து.

கண் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

"அசையல இந்து" என்றார். "நீ சொன்னாப்புல எடத்த விட்டு அசையவே இல்ல."

பொத்தானை அமுக்கிய பிறகு யாரும் நகரக் கூடாது, நகர்ந்தால் நாங்கள் தேடி வருகிற இடத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று ஏழு பேரையும் வரிசையாக உட்காரவைத்துப் பாடம் எடுத்திருந்தேன். அவருக்கு இருநூறு அடி மேலே ஒற்றையடிப் பாதை. வேலை முடிந்து மேல் டிவிஷன் பெண்கள் நாலு மணிக்கு அந்த வழியாகத்தான் விறகு பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

"பொம்பளையாளுக பேச்சு கேட்டுச்சு. ஓடைச் சத்தத்துல நான் கூப்புட்டது அவுகளுக்குக் கேக்கல. தவந்து மேல போயிரலாமான்னு பாத்தேன்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "நீ வந்துக்கிட்டிருப்பேன்னுதான் போகல."

"பேசாதீங்க" என்றேன்.

"பொத்தான ஒழுங்கா அமுக்கலையோ என்னமோ. கை வழுக்குச்சு. அதான் லேட்டாயிருச்சு ஒனக்கு. ஏசாத புள்ள."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு ஒரு நொடி போதும், அவருக்குக் கேட்கிற காதும் இருந்தது. என் வாயில் வந்தது மறுபடியும் "பேசாதீங்க" மட்டும்தான். அத்தை பக்கத்தில் நின்றாள், பாண்டி நின்றான். அவர்கள் முன்னால் வாயைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

ஜீப்பின் படுதாவில் கிடத்தி நாலு பேர் சுமந்தோம். வண்டிக்கு வந்தபோது ஆறரை. போடியில்தான் கிட்டத்தில் ஆஸ்பத்திரி என்று பாண்டி வண்டியைத் தமிழ்நாட்டுப் பக்கம் விட்டான். ஈஸ்வரனின் தலை என் மடியில் இருந்தது. காயத்தின் மேல் தன் முந்தானையைச் சுருட்டி வைத்து அத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அவர் கண் மூடியிருந்தது. மூச்சு இருந்தது.

போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவுகளில் இறங்கும்போது அவர் காதருகே குனிந்தேன்.

"நீங்க சரியாத்தான் அமுக்குனீங்க" என்றேன். "மொதத் தடவையே வந்துருச்சு. ரெண்டு நாப்பதுக்கே வந்துருச்சு. நான்தான் எடம் பத்தாம எழுதிட்டேன். நீங்க கெழக்க இருந்து கூப்புட்டீங்க, நான் மேக்க ஆள அனுப்பிட்டேன். அத்தை சொன்னாங்க, நான் கேக்கல. உங்க கை மேல தப்பே இல்ல. கேக்குதா?"

பாண்டி கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். அத்தை தலை நிமிரவில்லை, அழுத்திய கையை விடவுமில்லை. நான் சொன்னது எல்லாம் அவளுக்குக் கேட்டது. இரண்டு வளைவு போனது, மூன்று வளைவு போனது. பிறகு அவள் மெதுவாகக் கையை எடுத்தாள்.

"ரத்தம் நின்னுருச்சுத்தா" என்றாள். அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அவனுக்கு இனிமே கேக்காது."

நான் குனிந்தே இருந்தேன். நீங்க சரியாத்தான் அமுக்குனீங்க என்று முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.